நன்றாக ஓடும் வண்டியை நம்பாதவர்

போன மாதம் புதுச் சைக்கிள் வாங்கி வந்த அன்று, நீங்கள் இரண்டு பேரும் ஓட்டத் தயாராக நிற்கும்போது, நான் அதன் முன்சக்கரத்தைக் கழற்றித் தரையில் வைத்தேன். பெரியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சின்னவள், "கடைக்காரர் எல்லாம் சரியாத்தானே மாட்டிக் குடுத்தாரு, எதுக்குப்பா கழட்டறே?" என்று கேட்டாள். அப்போது நான் பதில் சொல்லவில்லை. கையெல்லாம் கிரீஸ். உட்கார்ந்து யோசித்து இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பழக்கம் என்னுடையது இல்லை. ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. மண்ணூரில் பக்கத்து வீட்டில் இருந்தார், ஒரே கம்பெனியில் வேலை செய்தோம், ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தோம், அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் "மேஸ்திரி" என்பார்கள். அந்தப் பக்கம் போனதும் "கழட்டி" என்பார்கள்.

அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "நல்லா ஓடுதா? அப்போ எத்தையோ மறைக்குது."

சத்தம் போடுகிற இயந்திரத்தின் மேல் அவருக்குக் கோபமே வராது. புகை விட்டால், ஆயில் ஒழுகினால், நடுவழியில் நின்றால், "பாவம், சொல்லுது" என்பார். ஒழுங்காக ஓடுகிற இயந்திரத்தைக் கண்டால்தான் அவரால் சும்மா இருக்க முடியாது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார். அப்படியே கை பின்பாக்கெட்டுக்குப் போகும். பாக்கெட்டில் எப்போதும் ஒரு பத்து-பதினொன்று ஸ்பேனர் இருக்கும். போல்ட் நட்டைத் திருகுகிற சாவி, அளவு பத்து ஒரு முனை, பதினொன்று மறு முனை. வேட்டி கட்டுகிற நாளில் இடுப்பில் செருகிக்கொள்வார்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு விவசாயியின் கிணற்றடிக்கு அவரோடு ஒருமுறை போயிருந்தேன். ஆயில் எஞ்சின் நன்றாக ஓடுகிறது, குழாயில்தான் காற்று வாங்குகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிட வேலை. குழாயை இறுக்கியதும் தண்ணீர் கொட்டியது. நாற்றுப் பிடுங்கிக் கட்டுக் கட்டாக வரப்பில் வைத்திருந்தார்கள். கிளம்ப வேண்டியதுதான். இவர் நகரவில்லை.

"பெரியவரே, எப்பலேர்ந்து இந்த மாதிரி ஓடுது?"

"எந்த மாதிரி?"

"இந்த மாதிரி. நல்லா."

"வாங்கனதுலேர்ந்து அப்பிடித்தான்பா ஓடுது."

"அதான் சந்தேகமா கீது" என்று சொல்லி எஞ்சினை நிறுத்திவிட்டார். விவசாயி வரப்பைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அதன் தலைப்பகுதி கழன்று தரையில் இருந்தது. கழற்றும்போது, நடுவில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் கிழிந்துவிட்டது. புதியது காஞ்சிபுரத்திலிருந்து வர இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை நாற்றுக்கட்டுகளுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். உள்ளே ஒரு குறையும் இல்லை.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீது" என்றார் இவர். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல வாடியிருந்தது.

விவசாயி கோபப்படவில்லை. கோபப்படுகிற கட்டம் தாண்டியிருந்தார். "நீ டாக்டருக்குப் படிக்காததே நல்லதாப் போச்சு மேஸ்திரி. தும்மலுன்னு வந்தவன் வயித்தக் கீறிப் பாத்திருப்பே" என்றார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். சின்ன வயதில் ராட்டினத்திலிருந்து விழுந்தார் என்பார்கள். இல்லை, அவர் அப்பாவும் இப்படித்தான் என்பார்கள். முடி வெட்டுகிறவர் மட்டும், "அவங்கப்பனுக்கும் இதே புத்திதான். ஆனா அந்தாளாண்ட மாடுதான் இருந்துச்சு. மாட்டக் கழட்ட முடியாதே" என்பார். நான் ஒருமுறை அவரையே கேட்டேன். "பழக்கம்டா" என்றார்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவரை வெறும் கோமாளி என்று நினைத்துவிடுவீர்கள்.

கம்பெனியில் அவர் மெயின்டெனன்ஸ் பிரிவு. நான் பவர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். பிரஸ் என்றால் பெரிய இரும்புச் சுத்தியல் மேலே போய்க் கீழே இறங்குகிற மாதிரி. ஒவ்வொரு முறையும் அதன் அடியில் தகட்டை வைத்து எடுக்க வேண்டும். கை உள்ளே போய் வரும். என் பிரஸ் அந்த வருடமெல்லாம் ஒரு நாள்கூட நின்றதில்லை. அதனாலேயே அவருக்கு அதன் மேல் ஒரு கண்.

ஒரு நாள் டீ நேரத்தில், யாரையும் கேட்காமல், சுவிட்சை அணைத்துவிட்டு அதன் மேலே ஏறினார். கீழ்வந்து மேல்போகிற இரும்புக் கையைத் துடைத்தார். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தடவினார். கொஞ்ச நேரம் விட்டு அதையும் காய்ந்த துணியால் துடைத்தார். கடைசியில் சாக்பீஸை நொறுக்கி அந்தப் பொடியை மேலே பூசினார். இரும்பு வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆயிற்று.

"இன்னா ண்ணா, பொங்கலுக்கு முன்னாடியே வெள்ளை அடிக்கிறே?" என்றேன்.

"இரு."

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் அதற்குள் இறங்கியிருக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே போனது போகாது. அது மெல்லக் கசிந்து வெளியே வரும்போது வெள்ளைப் பொடி நனைந்து கோடாகத் தெரியும். இவ்வளவுதான் வித்தை. கால் மணி நேரத்தில் அந்த வெள்ளையில் ஒரு தலைமுடி கனத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. குறுக்கே, முக்கால் பாகம்.

சூப்பர்வைசர் ஓடி வந்து, "எவன்யா மெஷின நிறுத்தினது?" என்றார். கோட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரம், அனுமதி இல்லாமல் இயந்திரத்தை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு இவருக்கு ஒரு மெமோ வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது மெமோவைப் பற்றி அல்ல. அந்தக் கோடு தெரிந்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்தை நான் அதுவரை எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. "பாத்தியா. சொன்னேன்ல. பாத்தியா" என்று கோட்டின் மேல் விரலை வைக்காமல் காற்றிலேயே தடவித் தடவிக் காட்டினார். அந்த இரும்பின் அடியில் போய் வந்துகொண்டிருந்தது என்னுடைய கை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்தார் என்று சொல்ல முடியாது. அது அவர் கணக்கிலேயே வரவில்லை. அன்று டீ என்னால் குடிக்க முடியவில்லை.

இனி வண்டிக் கதை.

மெட்ராஸ் பக்கம் எங்கேயோ மண்ணில் நடந்த ஒரு மோட்டார் பைக் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மேட்டில் ஏறிக் காற்றில் பறந்து, தொப்பென்று விழுந்து, மறுபடி ஓடுகிற வண்டிகள். வந்ததிலிருந்து அதே பேச்சு. பறந்தது பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"ரோட்டுல ஓடற வண்டி வருசக் கணக்கா மறைக்கும்டா. மண்ணுல குதிக்கிற வண்டி ஒரே நாள்ல அத்தனையும் சொல்லிடும். அந்த மாதிரி ஒண்ணு வூட்டுலயே செய்யப் போறேன்."

செய்தார். இரண்டு வருடம். புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வந்தது. டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து குடிக்கிற எஞ்சின், நீலப்புகை விடும். ஆயிலை இருமல் மருந்து கிளாஸில் அளந்து ஊற்றுவார். வேறொரு வண்டியின் சட்டத்தை அறுத்து, உயர்த்தி, வெல்டிங்கில் ஒட்டவைத்தார். கல்லில் இடிக்காமல் இருக்க சைலன்சர் சீட்டுக்குப் பக்கத்தில் மேலே போக வேண்டுமாம். பழைய டிரம் தகட்டை வெட்டிச் சுருட்டி அதைச் செய்தார். நடுவில் உப்பி இரண்டு பக்கமும் ஒடுங்கி, எலியை விழுங்கிய பாம்பு மாதிரி இருந்தது. மண்ணைக் கவ்வுகிற டயர் கிடைக்கவில்லை. சாதாரண டயரில் ஒரு ரப்பர்க்கட்டை விட்டு ஒரு கட்டையைச் சூடான கத்தியால் அறுத்து எடுத்தார். ரப்பர் கருகுகிற நாற்றம் எங்கள் வீட்டுக் குழம்பு வரைக்கும் வந்தது.

இதெல்லாம் நடந்தது அவர் வீட்டின் பின் அறையில். அந்த அறை அண்ணியுடையது. அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். சுற்றுவட்டாரத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். பின் அறையில் ஜன்னல் பெரியது, வெளிச்சம் வரும். அங்கே இருந்த தையல் மெஷின் வண்டிக்காகச் சமையல் கட்டுக்குப் போயிற்று. ரவிக்கைத் துணியெல்லாம் தாளிப்பு வாசனை. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அந்தத் தையல் மெஷினையும் இவர் கழற்றினார். "சத்தமே இல்லாம ஓடிக்கினு இருந்துச்சு" என்றார். கல்யாணப் பெண்ணின் அம்மா பாதி தைத்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு படப்பையில் வேறொரு தையல் கடைக்கு ஓடினார்.

வண்டி எட்டு மாதத்தில் ஓடத் தயார். அதுதான் சிக்கல். உதைத்தால் கிளம்பும். தெருமுனை வரை போகும். திரும்பி வரும்போதே தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மறுநாள் சாயந்திரம் போய்ப் பார்த்தால் எஞ்சின் ஒரு பக்கெட்டில், செயின் ஒரு பக்கெட்டில், போல்ட் நட்டெல்லாம் டால்டா டப்பாவில். கேட்டால், "நல்லாத்தான் ஓடுச்சு. அதான்" என்பார்.

அது குதித்து ஓட வேண்டிய இடம் மண்ணூர் ஏரி. கோடையில் காய்ந்து கிடக்கும். முதல் கோடை போயிற்று. மழை வந்து ஏரி நிறைந்தது. இரண்டாவது கோடையும் போயிற்று. ஆடி மாதம் அண்ணி ஒரு தேதி வைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இந்தாய்யா, கேட்டுக்க. ஆயுத பூஜைக்குள்ள அந்த வண்டி தானா ஓடி இந்த ரூம வுட்டு வெளிய போவணும். ஏரியில ஒரு தபா ஓடணும். இல்லன்னா காயலான் கடைக்காரன நானே கூப்புடுவேன்."

"கூப்புட மாட்டே."

"ரேடியோவுக்கு இன்னா ஆச்சு?"

மூன்று வருடம் பிரித்துப் போட்டிருந்த ரேடியோவை அண்ணி அப்படித்தான் அனுப்பியிருந்தார், பேரீச்சம்பழத்துக்கு.

ஆயுத பூஜை தாண்டினால் பெரிய மழை. பிறகு ஏரியில் மீன்தான் ஓடும். ஆக அந்த வண்டி ஓடினால் அதற்குள் ஓட வேண்டும், இல்லையென்றால் தராசில் ஏற வேண்டும். ஊருக்கே தெரிந்துவிட்டது. பஸ்ஸில், "இன்னா மேஸ்திரி, வண்டியா, பேரீச்சம்பழமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பூஜைக்கு நான்கு நாள் முன்னால் வண்டி வழக்கம்போலப் பக்கெட்டில் இருந்தது. அண்ணி கத்தவில்லை. "கழட்டிப் போட்டதுக்குப் பொட்டு வெக்க மாட்டேன். சாமி எத்தப் பாக்கும், எஞ்சினையா, பக்கெட்டையா?" என்று மட்டும் சொன்னார். பூஜையில் வைக்காத இரும்பு வருடம் முழுக்க ஆகாது என்பதில் அவருக்கும் நம்பிக்கை உண்டு. உட்கார்ந்து பூட்ட ஆரம்பித்தார்.

அண்ணியின் திட்டம் எனக்குப் புரிய நேரமாயிற்று. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயந்திரம் கருவிகளைக் கழுவிச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினால், மறுநாள் பூஜை முடிந்து, அதற்கும் மறுநாள் காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். நடுவில் தொடக் கூடாது. வண்டியை ஓட்டலாம், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்று ஓட்டத்தான் வேண்டும். கழற்ற முடியாது. வருடத்தில் அவர் கையில் ஸ்பேனர் இல்லாத நாள் அது ஒன்றுதான்.

முதல் நாள் சாயந்திரம் வண்டி முழுதாக நின்றது. அவர் சட்டத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஹேண்டில் பொருந்துகிற இடத்துக்குக் கழுத்து என்று பேர். அறுத்து ஒட்டவைத்ததில் முக்கியமான ஒட்டு அதுதான். அங்கே வந்ததும் கை நின்றது.

"இன்னும் ஒரு அரை மணி நேரம் குடு. கழுத்துல சாக்பீஸ் போட்டுப் பாத்துட்றேன்."

"உன் அரை மணி நேரம் எனக்குத் தெரியும். அரை வருசம்" என்று சொல்லி அண்ணி ஸ்பேனர்களைப் பொறுக்கி முறத்தில் போட ஆரம்பித்தார்.

"கழட்ட மாட்டேம்மே. பாக்கத்தான் போறேன்."

"பாத்தா கழட்டுவே."

அவர் என்னைப் பார்த்தார். நான், "வுடு ண்ணா, நல்ல நாளும் அதுவுமா. அதான் நல்லா கீதே" என்றேன். சொன்னவன் நான்தான். அதனால் எழுதுகிறேன். அவர் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

பூஜை அன்று காலையில் அண்ணி சந்தனம் குழைத்து வந்தார். மண்ணில் ஓடுகிற வண்டிக்கு ஹெட்லைட் கிடையாது. பொட்டு எங்கே வைப்பது? முன்னால் தெரிவது கழுத்துதான். அங்கே மூன்று விரலால் பட்டையாகச் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. அவர் வண்டியை உதைத்தார். இரண்டாவது உதையிலேயே கிளம்பி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அவர் தலை சாய்ந்தது. கை இடுப்புக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.

வண்டியை அணைத்துவிட்டு, "வர்றேன்" என்று தெருவில் இறங்கினார். நான் கூடவே போனேன். சைக்கிள் கடையில் கேட்டார். "பூஜைல கீது மேஸ்திரி, நாளைக்கு வா." லாரி டிரைவர் வீட்டில் கேட்டார். "படத்துக்கு முன்னாடி கீது. நீயே போயி எடுத்துக்க. சாமி கண்ணக் குத்துச்சுன்னா என்னியக் கேக்காதே." ஊர் முழுக்க ஒரு ஸ்பேனர் இல்லை. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தெருக்கோடியில் ஒரு கிறிஸ்தவ வீடு. அந்த வீட்டுக்காரர் பஸ் கம்பெனியில் வேலை. அங்கே பூஜை கிடையாது. வேகமாகப் போனார்.

அந்த வீட்டம்மா வாசலிலேயே சிரித்தார். "நேத்தே உங்க வூட்டம்மா வந்து பெட்டியோட வாங்கினு போயிட்டாங்களே. பூஜைல சேத்து வெக்கறேன், நல்லதுன்னாங்க."

திரும்பி எங்கள் வாசல் வந்ததும், "வெவரமானவதான்" என்றார்.

பத்து மணிக்கு ஏரிக்குப் போனோம். மடைப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மீதி ஏரி வெடித்த களிமண்ணும் கோரைப்புல்லும். கரை மேல் பாதி ஊர். தலைக்குக் கம்பெனியில் கொடுத்த மஞ்சள் தொப்பியைப் போட்டுத் துண்டால் தாடையோடு கட்டியிருந்தார். பல்வலிக்காரர் மாதிரி இருந்தது.

முதல் சுற்று மெதுவாகப் போனார், நிறைகுடம் தூக்கிப் போகிறவரைப் போல. தலை சாய்ந்தபடியே இருந்தது. இரண்டாவது சுற்றில் சத்தம் ஏறியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தகரத்தை வேகமாகக் கிழிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீலப்புகை, புழுதி, கொக்குகள். மூன்றாவது சுற்றில் தலை நேராகிவிட்டது. கரையின் சரிவில் நேராக ஏறினார். மேலே வந்ததும் இரண்டு சக்கரமும் தரையை விட்டன. மறுபக்கம் விழுந்து, குலுங்கி, ஓடினார்.

கூட்டம் ஓவென்றது. அண்ணி என் கையைப் பிடித்து, "போதும்னு சொல்லுடா" என்றார். அவர் திரும்பி வருவதைப் பார்த்ததும், "இன்னொரு தபா குதிக்கச் சொல்லு" என்றார். இன்னும் மூன்று தடவை குதித்தார். அண்ணி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வண்டி ஓடி வந்து, நின்று, அணைந்தது. எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "எப்பிடி ண்ணா?" என்றேன். தொப்பியை அவிழ்த்தார். பிள்ளைப்பாக்கத்துக் கிணற்றடியில் பார்த்த அதே வாடின முகம்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் ஓடுச்சு" என்றார்.

அன்று மத்தியானமே அண்ணி பின் அறையைக் கழுவி விட்டு, தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டார். வண்டி வாசலில் தகரச் சார்ப்பின் கீழ் நின்றது.

மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிக் கருவிகளை எடுத்த கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னையும் அண்ணியையும் சேர்த்துக் கூப்பிட்டார். போனோம். கையில் ஸ்பேனர் இருந்தது, ஆனால் எதையும் கழற்றவில்லை. வண்டியின் கழுத்துக்கு முன் குந்தியிருந்தார். சந்தனப் பட்டை காய்ந்து வெளுத்திருந்தது. அதன் குறுக்கே, குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு, தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.

"பாத்தியா. சொன்னேன்ல. பாத்தியா." கம்பெனியில் பார்த்த அதே சந்தோஷம். விரல் காற்றில் தடவிக்கொண்டிருந்தது. பிறகு மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். "கிருஷ்ணாயில் வாசனை. முந்தாநேத்து சாயந்திரம் தொடச்சது. அப்பவே உள்ள எறங்கியிருக்கு. அப்போ ஓட்டறதுக்கு முன்னாடியே வெடிப்பு இருந்திருக்குடா. அம்மாம் ஒயரம் குதிச்சும் மறைச்சிருக்கு பாரு." அண்ணியிடம் திரும்பி, "நீ வெச்ச சந்தனந்தான்மே காட்டிக் குடுத்துச்சு. நீதான் கண்டுபிடிச்சே" என்றார். உண்மையாகவே பாராட்டினார்.

அண்ணி குனிந்து நகத்தால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஒடைஞ்சா இன்னா ஆவும்?"

"முன்சக்கரம் தனியா போவும். வண்டி தனியா போவும்."

"நீ?"

அந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்த மாதிரி இருந்தது. "நான் எங்க போவப் போறேன். கீழதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. உள்ளே போய்விட்டார். எனக்கு அன்று செகண்ட் ஷிப்ட். மத்தியானம் கிளம்பும்வரை பக்கத்து வீட்டில் தையல் மெஷின் சத்தம் கேட்கவில்லை. பின் அறையில் ஜன்னலோர மெஷினைத் தவிர ஒன்றும் இல்லை, தரை கழுவினபடியே இருந்தது. சாயந்திரத்துக்குள் வண்டி மறுபடி அந்த அறைக்குள் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. அண்ணியே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாராம். அவர் கழுத்தை அறுத்து, இரும்புப் பட்டை வைத்து, புதிதாக ஒட்டினார். ஏரி நிறைந்துவிட்டது. அடுத்த கோடையில் ஓரிரு முறை ஓட்டினார், பக்கெட்டில் போட்டார், ஓட்டினார். பிறகு அந்த வண்டி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் வீடு மாறி வந்துவிட்டேன்.

வருவதற்கு முன் அடுத்த ஆயுத பூஜை அங்கேதான். பொரி வாங்கிக்கொள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். படத்துக்கு முன்னால் ஸ்பேனர்கள் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாவற்றுக்கும் பொட்டு. வரிசையில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின் அறை ஜன்னல் கட்டையில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில், பத்து-பதினொன்று ஸ்பேனர் பொட்டு இல்லாமல் இருந்தது. பக்கத்தில் அரை சாக்பீஸ்.

"அண்ணி, ஒண்ணு வெளிய கீதே. மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

அண்ணி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. என் கையில் இரண்டு கை பொரியை அள்ளி வைத்தார்.

"மறக்கல. சிந்தாம புடி" என்றார்.